விடை தராத துப்பறியும் நாவல்: வாசகர்கள் எங்கே பிரிகிறார்கள்?

1981இல் ‘குமுதம்’ இதழில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலைப் படித்தவர்கள் இன்றுவரை இரண்டு அணிகளாகவே நிற்கிறார்கள். பெரும் சொத்துக்கு உரிமையாளராகப் போகும் ஓர் இளம்பெண், ஒரு பழைய மாளிகை, அடுத்தடுத்த மரணங்கள், அவற்றுக்குக் காரணம் மனிதரா ஆவியா என்ற கேள்வி. வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் விசாரிக்கிறார்கள். முடிவில் அறிவியல் விளக்கம் ஒன்று முன்வைக்கப்படுகிறது. ஆனால் அந்த விளக்கம் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடுவதில்லை. துப்பறியும் கதை என்று சொல்லி அழைத்துவந்த ஆசிரியர் விடையைச் சொல்லக் கடமைப்பட்டவர், அவர் நம்மை நட்டாற்றில் விட்டுவிட்டார் என்பது ஓர் அணியின் வாதம். விடை தெரியாமல் புத்தகத்தை மூடும் அந்த அச்சமே நாவலின் வெற்றி என்பது மறு அணியின் வாதம்.

இதனை ரசனை வேறுபாடு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நாம் அவ்வாறு நகர விரும்பவில்லை. இருள் நிறைந்த ஒரு துப்பறியும் நாவலின் முடிவை வாசகர் ஏற்பதும் மறுப்பதும், விசாரணை என்னும் நிறுவனத்தின் மீது அவருக்குள்ள நம்பிக்கையோடு தொடர்புடையது. அந்த நம்பிக்கை ஊருக்கும் சேரிக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. ஆகவே வாசகர் பிளவின் அடியில் சாதியின் கோடும் ஓடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதனை ஒரகடத்தில் நின்று விளக்க முயல்கிறோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இந்தச் சந்திப்பைச் சுற்றிக் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகள் நிற்கின்றன. பணிமுறை மாறும் வேளையில் நிறுவனப் பேருந்துகள் வரிசையாக வந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கி ஏற்றிச் செல்கின்றன. அவர்களில் பலர் தமிழகத்தின் வடமாவட்டச் சேரிகளிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பட்டயப் படிப்பு முடித்தவர்கள். ஒரகடமும் திருப்பெரும்புதூரும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டம், அரசின் விசாரணை எவ்வளவு வலிமையாக இயங்க முடியும் என்பதையும், எவ்வளவு மௌனமாக இருக்க முடியும் என்பதையும் கண்ட மண்.

வகைமையின் ஒப்பந்தம்

துப்பறியும் கதை வாசகருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதையிலிருந்து, 1887இல் அறிமுகமான ஷெர்லாக் ஹோம்ஸ் வழியாக நம் ஊர் மாத நாவல்கள்வரை அந்த ஒப்பந்தம் பெரிதும் மாறவில்லை. அமைதியான ஒரு சமூகத்தில் குற்றம் நிகழ்கிறது. அறிவுக்கூர்மையுள்ள ஒருவர் தடயங்களைச் சேர்க்கிறார். குற்றவாளி அடையாளம் காணப்படுகிறார். குலைந்த ஒழுங்கு மீண்டும் நிலைபெறுகிறது.

இந்த ஒப்பந்தத்திற்குள் நான்கு முன்முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. குற்றத்திற்கு முன்பிருந்த ஒழுங்கு நியாயமானது என்பது முதலாவது. குற்றம் தனிமனிதரின் செயல் என்பது இரண்டாவது. விசாரிப்பவர் எந்தப் பக்கமும் சாராதவர் என்பது மூன்றாவது. ஒவ்வொரு சாவும் விசாரணைக்கு உரியது என்பது நான்காவது. இந்த நான்கையும் இயல்பாக நம்ப முடிந்தவருக்கு விடை தராத நாவல் ஒரு மோசடி. இவற்றில் ஒன்றையேனும் தன் வாழ்வில் நம்ப முடியாமல் போனவருக்கு, விடை கச்சிதமாகக் கிடைத்துவிடும் நாவலே ஐயத்திற்குரியது.

தமிழின் முதல் துப்பறியும் நாவலாகக் கருதப்படுவது நடேச சாஸ்திரியின் ‘தானவன்’. 1894இல் வந்த அதன் நாயகன் ஒரு போலீஸ் நிபுணன். தொடக்கத்திலேயே தமிழ்த் துப்பறியும் கதை தன் கண்ணாகக் காவல்துறையைத் தேர்ந்துகொண்டது. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் அந்த வகைமைக்குப் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கினார்கள்.

அதே பத்தாண்டில் செங்கற்பட்டு மாவட்டத்தில் வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற வாழ்வையும் பண்ணையடிமை நிலையையும் ஆராய்ந்து 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது; இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது அதனையே. இதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஒரு பக்கம் கற்பனையான குற்றங்களைக் கண்டுபிடிக்கும் போலீஸ் நிபுணன். மறுபக்கம் கண்முன் நடந்த குற்றங்களைத் தாங்களே பதிவுசெய்யத் தொடங்கிய மக்கள். இரண்டும் ஒரே காலத்தின் எழுத்துகள். இலக்கிய வரலாறு முதலாவதை மட்டுமே துப்பறிதல் என்று பெயரிட்டது.

காணாமல் போன நிலம்

பஞ்சமி நிலத்தைப் பெற்றவர் முதல் பத்தாண்டுகளுக்கு அதனை விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கே கைமாற்றலாம். இவ்வளவு தெளிவான நிபந்தனைகள் இருந்தும் பெரும்பகுதி நிலம் பிறர் கைக்குச் சென்றது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

இது பிணம் இல்லாத கொலைக்கதை. இதன் தடயங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தின் அ-பதிவேட்டிலும் பழைய கிரயப் பத்திரங்களிலும் வில்லங்கச் சான்றுகளிலும் கிடக்கின்றன. தடயத்தைத் தேடிப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். துப்பறியும் நாவலில் துப்பாக்கி குற்றவாளியின் கையில் இருக்கும்; அதைக் கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. காரணையை நினைவில் வைத்திருக்கும் வாசகர் அந்தக் காட்சியை வேறு விதமாகவே படிப்பார்.

அரசுக்கு விசாரிக்கத் தெரியும்

அரசுக்குத் திறமை போதவில்லை, ஆகவே குற்றங்கள் விடை காணாமல் போகின்றன என்று சொல்வோருக்கு, ஒரகடத்திற்கு அருகிலிருக்கும் திருப்பெரும்புதூரே பதில். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்டார். குண்டுவெடிப்பில் இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா சிதையாமல் கிடைத்தது. அந்தப் படச்சுருளிலிருந்து தொடங்கிச் சிறப்புப் புலனாய்வுக் குழு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தது. ஒரு படச்சுருளைக்கூட விட்டுவிடாமல் பின்தொடர அரசால் முடியும்.

அதே வழக்கு மற்றொரு பாடத்தையும் தருகிறது. பேரறிவாளனின் வாக்குமூலத்தை அவர் சொன்னபடியே முழுமையாகப் பதிவுசெய்யவில்லை என்று, அதைப் பதிவுசெய்த அதிகாரியே பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அரசு முழு வலிமையுடன் விசாரிக்கும்போதும், எழுதுகிற கை யாருடையது என்ற கேள்வி தீர்வதில்லை.

இதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து இதே தொழில்தடத்தில் நடந்ததையும் இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது; 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. தோழிகள் எங்கே என்று கேட்டுப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். எவரும் இறக்கவில்லை, வதந்தி பொய்யானது. ஆனால் அந்தக் கேள்வி பொய்யானதல்ல. யார் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் உரிய நேரத்தில் சொல்லாததால்தான் வதந்தி நம்பத்தக்கதாயிற்று. விடுதியின் நிலை உரிய தரத்தில் இல்லை என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. ‘அவர் எங்கே?’ என்பது எல்லாத் துப்பறியும் கதைகளின் முதல் கேள்வி. அங்கே அதனைக் கேட்டவர்கள் நிபுணர்கள் அல்லர். உடன் வேலை செய்தவர்கள்.

நம் வழக்குகள் எப்படித் தொடங்குகின்றன

துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயத்தில் கொலை நிகழ்ந்துவிடும். அது கொலை என்பதில் பெரும்பாலும் தகராறு இராது. தலித் மக்களின் வழக்குகளில் அது கொலை என்று எழுத வைப்பதற்கே பல அத்தியாயங்கள் ஆகின்றன.

2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். முருகேசன் தலித் பொறியியல் பட்டதாரி. உள்ளூர்க் காவல்துறை இரு தரப்பையும் குற்றவாளிகளாகக் காட்டியது. கொல்லப்பட்ட முருகேசனின் உறவினர்களும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாயினர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறிய பின்னரே கதை நிமிர்ந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் இருவர் காவல்துறையினர். 18 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடையில், விசாரித்தவர்களே குற்றவாளிகளாக நின்றார்கள்.

2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்ற கதை ஆயத்தமாக இருந்தது. அதனை உடைத்தது தாயின் உறுதியும் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவும். முதன்மைச் சாட்சி பிறழ்ந்த நிலையிலும் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே நேரில் சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனை உறுதியாயிற்று.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. மரபணுச் சோதனைகள்வரை சென்ற சி.பி.சி.ஐ.டி. விசாரணை, 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றம் சாட்டியது. குற்றப்பத்திரிகை தீர்ப்பாகாது. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களே சந்தேகத்திற்குரியவர்களாக மாறும் திருப்பம், விருத்தாசலத்தை நினைவில் வைத்திருப்போருக்குப் புதிதாகத் தோன்றாது.

இந்த மூன்று வழக்குகளையும் செய்தித்தாள் வழியாகப் பின்தொடர்ந்த ஒரு மாணவர், குழப்பத்துடன் முடியும் துப்பறியும் நாவலைப் படித்து ‘ஏமாற்றிவிட்டார்’ என்று சொல்லமாட்டார் என்று நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் உண்மையில் பலர் சொல்கிறார்கள். அந்தக் குரலையும் நாம் கேட்டாக வேண்டும்.

ஹார்லெமின் இரண்டு துப்பறிவாளர்கள்

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்தே ஒருவர் துப்பறியும் நாவல் எழுதினால் என்ன ஆகும்? அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸின் எழுத்தில் இதற்கு விடை இருக்கிறது. கொள்ளைக் குற்றத்திற்காக இளம் வயதிலேயே சிறை சென்று, சிறையிலேயே எழுதத் தொடங்கியவர் அவர். பின்னர் பிரான்சில் குடியேறி, 1957 முதல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களை எழுதினார். அவற்றின் நாயகர்கள் இருவரும் கறுப்பினக் காவலர்கள். முதல் நாவலுக்கு 1958இல் பிரான்சின் குற்றப் புனைவு விருது கிடைத்தது.

வாசகர்கள் பிரிந்தார்கள். தன் மக்களையே அடித்து உதைக்கும் இரண்டு காவலர்களை நாயகர்களாக்குவது யாருக்கு உதவும் என்று ஒரு தரப்பு கேட்டது. ஹார்லெமைச் சூதும் கொலையும் நிறைந்த இடமாகக் காட்டுவது வெள்ளை வாசகர்களின் கற்பனைக்குத் தீனி போடுவது என்றும் குற்றம் சாட்டப்பட்டது. இனவெறியின் அபத்தத்தை இவ்வளவு கூர்மையாக எவரும் எழுதவில்லை என்றது மறு தரப்பு.

1969இல் வந்த அவருடைய துப்பறியும் நாவலில் அந்த வகைமையே முறிந்துபோகிறது. கலவரத்தைத் தொடங்கியவர் யார் என்று கண்டுபிடிக்கும்படி அந்த இருவருக்கும் உத்தரவிடப்படுகிறது. அவர்களால் ஒரு பெயரைக் கொண்டுவர முடிவதில்லை. குற்றவாளியாக ஒரு தனிமனிதர் இல்லாதபோது, தனிமனிதரைத் தேடும் துப்பறியும் கதை எப்படி முடியும்? ஹைம்ஸ் விடையை மறைத்துவைத்து விளையாடவில்லை. கேள்வி தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்று காட்டினார்.

விடை தராத நாவல்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். ‘கொலையுதிர் காலம்’ விடையைத் திறந்துவிடுவது அச்சத்தை நீட்டிப்பதற்காக. ஹைம்ஸ் திறந்துவிடுவது பொறுப்பை ஒரு பெயருக்குள் அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. முன்னது வாசகரின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். பின்னது பகலில் அவர் காணும் உலகத்தைக் கேள்விக்குள்ளாக்கும்.

இரு தரப்பிலும் உள்ள நியாயம்

இருள் நாவல்களை எதிர்க்கும் தோழர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. நீதி கிடைக்காது என்று மீண்டும் மீண்டும் சொல்லும் கதை, புகார் கொடுக்கத் தயங்கி நிற்பவரை வீட்டிற்கே திருப்பி அனுப்பிவிடும் என்கிறார்கள். தலித் உடல் பிணமாக மட்டுமே கதைக்குள் நுழைவதும், அதன் மீது யாரோ ஒரு நல்ல அதிகாரியின் மனசாட்சி விழிப்பதும் இன்னொரு வகை அவமதிப்பு என்கிறார்கள். விருத்தாசலத்திலும் திருச்செங்கோட்டிலும் இறுதியில் தீர்ப்பு கிடைத்தது. அதனைப் பெற்றுத் தந்த குடும்பங்களின், வழக்கறிஞர்களின் போராட்டத்தை இருள் நாவல் கண்டுகொள்வதில்லை என்பதும் உண்மையே.

மறு தரப்பின் வாதமும் வலுவானது. நேர்மையான அதிகாரி கடைசி அத்தியாயத்தில் வந்து காப்பாற்றும் கதைகள், நாம் செய்ய வேண்டிய வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அத்தகைய முடிவு தரும் நிம்மதி, வாசகரின் கோபத்தைத் தணித்து அனுப்பிவிடுகிறது.

நம் நிலைப்பாடு இது. முடிவு இருட்டாக இருக்கிறதா வெளிச்சமாக இருக்கிறதா என்பதைக் கொண்டு நாவலை அளக்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்போம். இறந்தவருக்கு இறப்பதற்கு முன்பு ஒரு வாழ்க்கை இருந்ததாக நாவல் காட்டுகிறதா? விடை கிடைக்காமல் போனதற்கு யார், எந்த மேசையில், எந்தத் தாளில் காரணமானார் என்பதைக் காட்டுகிறதா? விசாரணையைப் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கையில் எடுக்கும் சாத்தியத்தைக் காண்கிறதா? இம்மூன்றுக்கும் இடம் தரும் நாவல் எவ்வளவு இருண்டதாயினும் நமக்குப் பயன்படும். இடம் தராத நாவலில் குற்றவாளி தூக்கில் தொங்கினாலும் நமக்கு அதில் எதுவும் இல்லை.

வாசகர் எந்தத் தாளைப் படிக்க வேண்டும்

ஒரு சாவு எப்படிப் பதிவாகிறது என்பதில்தான் நம் வழக்குகளின் முதல் அத்தியாயம் எழுதப்படுகிறது. சந்தேக மரணம் என்று பதிவானால், அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194ஆவது பிரிவு. தண்டவாளத்திலோ விடுதி அறையிலோ ஆலை வளாகத்திலோ ஓர் உடல் கிடைக்கும்போது, பெரும்பாலும் இந்தப் பிரிவே முதலில் எழுதப்படுகிறது. அது கொலை வழக்காகவோ வன்கொடுமை வழக்காகவோ மாற வேண்டுமானால், குடும்பத்தினரின் ஐயம் எழுத்தில் இருக்க வேண்டும். புகார் அளித்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வாய்மொழிப் புகாரை எழுதிய பின் அதனைப் புகார்தாரருக்குப் படித்துக்காட்டி அதன் பிறகே கையொப்பம் பெற வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு 4ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. விதி 7இன்படித் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். 2015 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15அ பிரிவின்படிப் பிணை உள்ளிட்ட ஒவ்வொரு நடவடிக்கை குறித்தும் பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தகவல் தரப்பட வேண்டும். அவர்கள் தங்கள் தரப்பைச் சொல்லவும் உரிமை உண்டு.

இவை உலர்ந்த சட்ட வாசகங்களாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்த் துப்பறியும் கதை 1894 முதல் நமக்குக் கற்றுத்தந்த ஒரே பழக்கம், சிறிய விவரத்தையும் விடாமல் படிப்பது. நாவலின் நாற்பதாம் பக்கத்தில் வந்த கைக்குட்டையை இருநூறாம் பக்கத்தில் நினைவுகூரும் வாசகரால், முதல் தகவல் அறிக்கையில் விடுபட்ட ஒரு பிரிவையும், பிணக்கூறாய்வு அறிக்கையில் மாறிப்போன ஒரு நேரத்தையும், அ-பதிவேட்டில் காணாமல் போன ‘பஞ்சமி’ என்ற ஒரு சொல்லையும் கண்டுபிடிக்க முடியும்.

ஒரகடத்தில் இரவுப் பணி முடிந்து பேருந்திலிருந்து இறங்குவோரில் ஒருவர் நாளை வேலைக்கு வராமல் போகலாம். அவர் எங்கே என்று அவருடைய ஊர்க்காரர்கள் கேட்கும் முன்பே கேட்க வேண்டியவர்கள், பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தவர்கள். துப்பறியும் நாவலின் முடிவு பற்றி நாம் விவாதித்துக்கொண்டே இருக்கலாம். முதல் கேள்வியைக் கேட்பதில் மட்டும் நமக்குள் பிளவு வேண்டாம்.